அலையில்லாத இடம்: ஒரு கடற்கரை விடுமுறையின் நிகழ்வு ஆய்வு

அந்தப் படத்தில் நாங்கள் ஆறு பேரும் இருக்கிறோம். நேரம் மாலை 4.44. கைபேசியைப் பிடித்திருப்பவள் கட்டடப் பொறியாளரான தோழி. கை நீளம் என்பதால் எப்போதும் அவள்தான் எடுப்பாள். ஆறு முகங்களுக்குப் பின்னால் கடல். இடப்பக்கம் வெண்ணுரை, வலப்பக்கம் வெண்ணுரை. நடுவில் இருபது மீட்டர் அகலத்துக்கு நுரையே இல்லாமல், கரும்பச்சையாக ஒரு பாதை கரையிலிருந்து நேராக உள்ளே போகிறது. அன்று அதை எங்களில் யாரும் பார்க்கவில்லை. அடுத்த ஐந்து நிமிடத்தில் இருவர் அந்தப் பாதையில் போய்க்கொண்டிருந்தார்கள்.

இருவரும் நலமாக இருக்கிறார்கள். அவர்கள் படித்துத் திருத்திக் கொடுத்த பிறகே இதை வெளியிடுகிறேன். யாருடைய பெயரும் இதில் இல்லை. நாட்டின் பெயரும் விடுதியின் பெயரும்கூட இல்லை. அலை உடையும் மணற்கரை எங்கிருந்தாலும் இது நடக்கக்கூடியது. அந்த ஒரு மணி நேரத்தில் எங்கள் நான்கு கைபேசிகளில் எடுக்கப்பட்ட 31 படங்கள், எங்கள் வாட்ஸ்ஆப் குழுவின் செய்திகள், மருத்துவமனை தந்த அறிக்கை, மறுநாள் உயிர்காப்பாளர் எங்களோடு உட்கார்ந்து பேசிய ஒரு மணி நேரம் ஆகியவற்றிலிருந்து நடந்ததைக் கோத்திருக்கிறேன். நினைவை மட்டும் நம்பியிருந்தால் இதை எழுதியிருக்க முடியாது. ஆறு பேருக்கும் ஆறு விதமாகத்தான் நினைவிருக்கிறது.

யார் யார்

கல்லூரி விடுதியில் ஒரே மாடியில் மூன்று ஆண்டுகள் இருந்தவர்கள் நாங்கள். இப்போது 45, 46 வயது. இந்தப் பயணம் மூன்று முறை தள்ளிப்போனது: ஒருத்தியின் மகளுக்குத் தேர்வு, ஒருத்தியின் மாமியாருக்கு அறுவை சிகிச்சை, ஒருத்திக்கு வேலை மாற்றம். இதைச் சொல்லக் காரணம் உண்டு. அவ்வளவு காத்திருந்து கிடைத்த ஐந்து நாட்களில் ‘வேண்டாம்’ என்று சொல்ல யாருக்கும் வாய் வருவதில்லை.

வங்கி அலுவலரான தோழி வாரம் மூன்று நாள் நீச்சல் குளத்தில் ஒரு கிலோமீட்டர் நீந்துபவள். 25 நிமிடத்தில் முடித்துவிடுவாள். பள்ளி ஆசிரியை ஆறு மாதம் நீச்சல் வகுப்புக்குப் போனவள். மல்லாந்து மிதக்கத் தெரியும், அதற்கு மேல் அதிகம் தெரியாது. மருந்தாளுநர் சிறுவயதில் நீந்தியவள், முப்பது ஆண்டுகளாக நீரில் இறங்கியதில்லை. தீவிர சிகிச்சைப் பிரிவில் பணிபுரியும் செவிலியர், பொறியாளர், நான் ஆகிய மூவருக்கும் நீச்சலே தெரியாது.

அந்தக் கால் மணி நேரம்

முதல் இரண்டு நாட்களும் சரியாகத்தான் நடந்துகொண்டோம். விடுதியிலிருந்து முந்நூறு மீட்டர் வடக்கே, மேற்பாதி சிவப்பும் கீழ்ப்பாதி மஞ்சளுமான இரண்டு கொடிகள் நட்டிருந்தார்கள். உலகின் பெரும்பாலான கடற்கரைகளில் அந்தக் கொடிகளுக்குப் பொருள் ஒன்றே: இந்த இரண்டுக்கும் இடையே உள்ள நீரை உயிர்காப்பாளர்கள் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். நாங்கள் அதற்குள்ளேயே குளித்தோம்.

மூன்றாம் நாள் ஊர் சுற்றிவிட்டுக் களைத்துத் திரும்பினோம். விடுதியின் பின்வாசல் நேரே மணலில் திறக்கிறது. அங்கே சாய்வு நாற்காலிகள் கிடந்தன. எச்சரிக்கைப் பலகை கடற்கரையின் பொது நுழைவாயிலில் இருந்தது, பின்வாசலில் இல்லை. ‘கொடி வரைக்கும் நடக்க வேண்டுமா?’ என்று யாரோ கேட்டார்கள். கேட்டது யார் என்று இன்றுவரை எங்களுக்குத் தெரியாது. ஒவ்வொருத்தியும் தானாக இருக்குமோ என்று அஞ்சுகிறாள்.

4.38க்கு வங்கி அலுவலர் இடுப்பளவு நீரில் நின்று திரும்பிப் பார்த்துக் கூப்பிட்டாள்: “இங்கே அலையே இல்லை, வாருங்கடி!” உண்மைதான். இரண்டு பக்கமும் அலை இரைந்து உடைந்துகொண்டிருக்க, அந்த இடம் மட்டும் ஏரி போல இருந்தது. அலைக்குப் பயந்த நாங்கள் எல்லோரும் அந்த அமைதியை நம்பித்தான் இறங்கினோம்.

4.44க்குப் படம். செவிலியர் கண்ணாடியை எடுக்க நாற்காலிக்குத் திரும்பினாள். நானும் பொறியாளரும் கணுக்கால் நீரில் நின்று, எடுத்த படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தோம். மருந்தாளுநர் முழங்கால் அளவில் நின்றாள். மற்ற இருவரும் இடுப்பளவில்.

4.47 அளவில் அதுவரை வந்தவற்றைவிட உயரமான அலைகள் நான்கு, ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. நான்காவது அலை திரும்பும்போது காலுக்கு அடியில் இருந்த மணலை யாரோ உருவியது போல இருந்தது என்கிறாள் ஆசிரியை. இடுப்பளவு நீர் கழுத்தளவானது. அடுத்த அடி வைத்தபோது தரை இல்லை.

4.49க்குப் பொறியாளர் ஒரு படம் எடுத்திருக்கிறாள். வரிசையில் அது 27ஆவது படம். தூரத்தில் இரண்டு தலைகள். ஆசிரியையின் வலது கை மேலே நீண்டிருக்கிறது. அவள் கையசைக்கிறாள் என்று நினைத்து நான் பதிலுக்குக் கையசைத்தேன். இந்த வரியை எழுத எனக்குப் பல நாட்கள் ஆயின.

கண்டுபிடித்தவள் செவிலியர். கண்ணாடியை மாட்டிக்கொண்டு நிமிர்ந்தபோது, வங்கி அலுவலர் கரையைப் பார்த்து நீந்துவது தெரிந்தது. முகம் நம் பக்கம் இருக்கிறது, கை அடிக்கிறது, ஆனால் தூரம் கூடுகிறது. செவிலியர் கத்தியபடி ஓடி வந்தாள். நான் அதற்குள் தொடையளவு நீரில் இறங்கிவிட்டிருந்தேன். என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்து, “நீ போனால் மூன்று பேர்” என்றாள். அவள் விரல்களின் தடம் இரண்டு நாள் என் கையில் இருந்தது. அடுத்த மூச்சில், “கொடிக்கு ஓடு” என்றாள். மருந்தாளுநரிடம், “விரலை அவர்கள் பக்கம் நீட்டிக்கொண்டே நில், கண்ணை எடுக்காதே” என்றாள்.

நாற்காலிக்கு அடியில் குடிநீர் வாங்கிய ஐந்து லிட்டர் கேன்கள் இரண்டு கிடந்தன. மூடியை இறுக்கி இரண்டையும் அந்தக் கரும்பச்சை நீரில் வீசினாள். ஒன்று முழுக் காலி. கடற்காற்று அதைத் தூக்கி உருட்டிக் கரைக்கே கொண்டுவந்து சேர்த்தது. இன்னொன்றில் கால் பங்கு நீர் மிச்சமிருந்தது. ஓரளவு அமிழ்ந்து மிதந்ததால் அது காற்றுக்குச் சிக்காமல் நீரோட்டத்தோடு போனது. எந்த ஓட்டம் அவர்களை இழுத்துச் சென்றதோ அதே ஓட்டம் அந்தக் கேனை ஆசிரியையின் கைக்கெட்டும் தூரத்துக்குக் கொண்டுபோனது. அவள் அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு மல்லாந்தாள். ஏறக்குறைய நான்கு லிட்டர் காற்று, நீரில் கிடக்கும் ஒருவரின் வாயையும் மூக்கையும் வெளியே வைத்திருக்கப் போதுமானது.

4.57க்கு உயிர்காப்பாளர் மிதவையோடு வங்கி அலுவலரை எட்டியபோது, அவள் இரண்டு முறை மூழ்கி எழுந்திருந்தாள். எங்களில் நன்றாக நீந்தத் தெரிந்தவள் அவள்தான்.

அலை ஏன் அங்கே இல்லை

அலைகள் நீரைக் கரைக்குக் கொண்டுவந்து குவிக்கின்றன. குவிந்த நீர் எப்படியாவது திரும்ப வேண்டும். கரைக்குச் சற்றுத் தள்ளி நீருக்கடியில் மணல்திட்டு இருந்தால், திட்டில் எங்கே பள்ளம் இருக்கிறதோ அங்கே அது ஒடுங்கிப் பாய்ந்து வெளியேறுகிறது. இதற்கு ‘ரிப் கரண்ட்’ என்று பெயர்; இழுவை நீரோட்டம் எனலாம். அந்த ஆங்கிலப் பெயரை 1936இல் முன்வைத்தவர் அமெரிக்கக் கடலடி நிலவியலாளர் ஃபிரான்சிஸ் ஷெப்பர்ட். அதுவரை மக்கள் பலர் இதை நீருக்கடியில் இழுக்கும் ஏதோ ஒன்றாகப் பேசிவந்தார்கள். உண்மையில் இது ஆளை அடியில் இழுப்பதில்லை, கரையிலிருந்து அப்பால் கொண்டுபோகிறது.

பள்ளம் ஆழமாக இருப்பதால் அங்கே நீர் கறுத்துத் தெரியும். ஆழமான நீரில் அலை எளிதில் உடையாது என்பதால் நுரையும் இருக்காது. கடலை அறியாத கண்ணுக்கு அந்தக் கடற்கரையிலேயே பாதுகாப்பான இடம் அதுதான் என்று தோன்றும். அலைக்கு அஞ்சுபவர்களே அதிகமாக அங்கே போய் இறங்குகிறார்கள் என்றார் உயிர்காப்பாளர். எங்கள் குழுவில் நால்வர் அப்படி இறங்கியவர்கள்தான்.

அன்று பலத்த காற்று இல்லை, வானம் தெளிவாக இருந்தது. பிறகு அந்தப் பெரிய அலைகள் எங்கிருந்து வந்தன? எங்கோ தொலைவில் அடித்த புயல் எழுப்பிய அலைகள் நாட்கணக்கில் பயணம் செய்து கரைக்கு வருகின்றன. 1963இல் வால்டர் மங்க் என்ற கடலியலாளர் பசிபிக் முழுவதும் கருவிகளை நிறுத்தி, தென்முனைக் கடலில் பிறந்த அலைகள் பத்தாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் அலாஸ்காவைத் தொடுவதை அளந்து காட்டினார். அப்படி வரும் அலைகள் கூட்டம் கூட்டமாக வரும். இடையில் பல நிமிடங்கள் கடல் அடங்கியிருக்கும். நாங்கள் இறங்கியது அந்த அடங்கிய இடைவேளையில். ஒரு கூட்டம் வந்து கூடுதல் நீரைக் குவித்ததும் ஓட்டத்தின் வேகம் சட்டென்று ஏறியது. அன்று கடல்மட்டம் (ஓதம்) வேறு இறங்கிக்கொண்டிருந்தது. திட்டின் மேல் நீர் குறையக் குறைய, திரும்பும் நீர் எல்லாம் பள்ளத்தை நோக்கியே திரளும்.

இந்த ஓட்டங்கள் பொதுவாக நொடிக்கு 30 முதல் 60 சென்டிமீட்டர் வேகத்தில் போகின்றன. நொடிக்கு 2.4 மீட்டர் வரை அளந்திருக்கிறார்கள். 100 மீட்டர் நீச்சலில் உலக சாதனை படைத்தவரின் வேகம்கூட அதற்குக் குறைவு. எங்கள் தோழியின் கணக்கைப் போட்டுப் பார்த்தேன். 25 நிமிடத்தில் ஒரு கிலோமீட்டர் என்றால் நொடிக்கு 67 சென்டிமீட்டர். குளத்தில், சீரான மூச்சோடு, பழகிய உடையில் அந்த வேகம். பதற்றத்தில், அலைக்குள், நனைந்து கனத்த மேலாடையோடு அவளால் எவ்வளவு முடிந்திருக்கும்? ஓட்டம் நடுத்தரமாக இருந்தாலே நின்ற இடத்தில் நிற்பாள். ஒரு அலைக்கூட்டம் வந்தால் பின்னால் போவாள். எட்டு நிமிடம் அவளுக்கு நடந்தது இதுதான். பக்கவாட்டில், நுரை தெரியும் பக்கம் நீந்தியிருந்தால் பத்து, பதினைந்து மீட்டரில் ஓட்டத்தை விட்டு வெளியே வந்திருக்கலாம். அது அவளுக்குத் தெரியாது. நீச்சல் குளத்தில் யாரும் அதைக் கற்றுக்கொடுப்பதில்லை.

ஆசிரியைக்கு வேறு விதமாக நடந்தது. அவளால் எதிர்நீச்சல் போட முடியாது என்பது அவளுக்கே தெரியும். மிதந்தாள். ஓட்டம் அவளை அலை உடையும் வரிசை வரை கொண்டுபோய், பிறகு மெல்லப் பக்கவாட்டில் திருப்பி, நுரைக்குள் தள்ளியது. உயிர்காப்பாளர் அவளை அடைந்தபோது அவள் கரையை நோக்கி வந்துகொண்டிருந்தாள். இதற்கும் விளக்கம் இருக்கிறது. 2010இல் ஜேமி மக்மாஹன் குழுவினர் மிதவைகளில் ஜி.பி.எஸ். கருவிகளைக் கட்டி விட்டுப் பார்த்தபோது, பெரும்பாலானவை கடலுக்குள் போகாமல் சுழன்று கரைப்பக்கமே திரும்பின. ஆனால் எல்லாம் திரும்பவில்லை. பின்னர் ஆஸ்திரேலியாவில் மனிதர்களையே இறக்கிச் செய்த சோதனைகள், மிதப்பதோ பக்கவாட்டில் நீந்துவதோ எதுவும் எல்லா நேரமும் பலிப்பதில்லை என்று காட்டின. ஆகவே ஆசிரியை செய்ததே எப்போதும் சரியான வழி என்று நான் சொல்லமாட்டேன். மிதந்ததால் அவளுக்கு நேரம் கிடைத்தது. மிதக்க அவளுக்குத் தெரிந்திருந்தது.

யாரும் எடுக்காத முடிவு

கடலின் பங்கு இவ்வளவுதான். மிச்சம் எங்களுடையது. இந்த ஆய்வில் எனக்கு முக்கியமாகப் படுவது அதுவே.

31 படங்களையும் மேசையில் பரப்பி வைத்துப் பார்த்தோம். 19 படங்களில் யாரும் கடலைப் பார்க்கவில்லை. எல்லோருடைய முதுகும் கடலுக்குக் காட்டப்பட்டிருக்கிறது. படம் எடுப்பவளும் திரையைப் பார்க்கிறாள். ஆறு பேர் இருந்தோம், நீரின் மேல் ஒரு கண்கூட இல்லை. தனியாக வந்திருந்தால் எங்களில் எவளும் கொடி இல்லாத இடத்தில் இறங்கியிருக்கமாட்டாள். இதை ஆறு பேரும் தனித்தனியாக எழுதிக் கொடுத்தார்கள். ஆறு தாளிலும் கிட்டத்தட்ட ஒரே வாக்கியம்.

நான் இறங்கியது, வங்கி அலுவலர் இறங்கியதால். அவளுக்கு நீச்சல் தெரியும் என்பது எப்படியோ எனக்கும் தெரியும் என்பதாக மாறிவிட்டது. அவளிடம் கேட்டால், ‘எல்லோரும் பின்னால் வந்தீர்கள், அதனால் இடம் சரியானது என்று நினைத்தேன்’ என்கிறாள். அவள் எங்களைப் பார்த்துத் துணிந்தாள், நாங்கள் அவளைப் பார்த்துத் துணிந்தோம். பிப் லட்டானே, ஜான் டார்லி என்ற இரு உளவியலாளர்கள் 1968இல் செய்த சோதனைகளில், அருகில் ஆட்கள் இருக்கிறார்கள் என்று தெரிந்தால் ஆபத்தில் இருப்பவருக்கு ஒருவர் உதவ எழுவது குறைந்தது. அவர்கள் சோதித்தவர்கள் ஒருவருக்கொருவர் அறிமுகம் இல்லாதவர்கள். கால் நூற்றாண்டு நட்பில் அது குறையும் என்றுதான் நான் நினைத்திருந்தேன். குறையவில்லை. மற்றவள் பார்த்துக்கொள்வாள் என்ற நம்பிக்கை அன்பு கூடக் கூட உறுதிப்படுகிறது.

கையசைப்பை நான் தவறாகப் புரிந்துகொண்டதும் இதோடு சேர்ந்ததே. விடுமுறையில் தோழி கை தூக்கினால் அது மகிழ்ச்சி என்றே மனம் படிக்கிறது. ஆசிரியை அப்போது கை தூக்கிக் கூப்பிடும் நிலையில் இருந்தாள். அது எங்கள் நல்வினை. உண்மையில் மூழ்கத் தொடங்கியவரால் கையசைக்கவும் கத்தவும் முடியாது. நியூயார்க்கில் உயிர்காப்பாளராக இருந்த ஃபிராங்க் பியா, மூழ்குபவர்களைப் படமெடுத்து ஆராய்ந்து, அவர்கள் சத்தமின்றி, கைகளால் பக்கவாட்டில் நீரை அழுத்தியபடி, வாய் நீர்மட்டத்துக்கு மேலும் கீழுமாகப் போய்வர, 20 முதல் 60 நொடிகளே மேலே இருப்பார்கள் என்று விவரித்தார். வங்கி அலுவலர் கடைசியில் அப்படித்தான் இருந்தாள் என்கிறாள், விரலை நீட்டியபடி அசையாமல் நின்ற மருந்தாளுநர். “அவள் அமைதியாகிவிட்டாள். அது எனக்குப் பிடிக்கவில்லை.”

செவிலியர் என்னைத் தடுத்தது சரியா என்று ஊர் திரும்பிய பின் உறவினர் ஒருவர் கேட்டார். தோழி மூழ்கும்போது கையைக் கட்டிக்கொண்டு நிற்பதா என்றார். காப்பாற்றப் போன இடத்தில் மிதவை எதுவுமின்றிக் குதித்தவர் உயிரிழப்பது கடற்கரைகளில் மீண்டும் மீண்டும் பதிவாகும் செய்தி. பல நேரங்களில் முதலில் மாட்டிக்கொண்டவர் பிழைத்துவிடுகிறார். எனக்கு நீச்சலும் தெரியாது. அவள் என் மணிக்கட்டைப் பிடித்தது நாங்கள் அன்று எடுத்த ஒரே தெளிவான முடிவு என்றே நான் கருதுகிறேன்.

கரைக்கு வந்த பிறகு

வங்கி அலுவலரின் உதடு நீலமாக இருந்தது, வாயில் நுரை. நினைவு இருந்தது, மூச்சு இருந்தது. கூடியவர்களில் ஒருவர் வயிற்றை அழுத்தி நீரை வெளியேற்றச் சொன்னார். செவிலியர் யாரையும் தொடவிடவில்லை. வயிற்றை அழுத்தினால் வாந்தி மூச்சுக்குழாயில் போகும். ஒருக்களித்துப் படுக்க வைத்தாள். உயிர்காப்பாளர்கள் ஆக்சிஜன் கொடுத்தார்கள். மூச்சு நின்றிருந்தால் என்ன செய்திருப்பாய் என்று பிறகு கேட்டேன். நீரில் மூழ்கியவருக்கு முதலில் தேவை காற்று. ஐரோப்பிய வழிகாட்டுதல்படி முதலில் ஐந்து முறை வாயோடு வாய் வைத்து ஊதிவிட்டு, பிறகே நெஞ்சை 30 முறை அழுத்தி இரண்டு முறை ஊதும் வரிசையைத் தொடங்க வேண்டும் என்றாள்.

மருத்துவமனையில் வேறொரு குழப்பம் காத்திருந்தது. வங்கி அலுவலரின் பாஸ்போர்ட்டும் பயணக் காப்பீட்டுத் தாளும் அறைப் பெட்டகத்தில். பெட்டகத்தின் எண் அவளுக்கு மட்டும் தெரியும். கணவரின் எண் பூட்டிய கைபேசிக்குள். காப்பீட்டின் அவசர உதவி எண்ணை எங்களில் ஒருத்தியும் குறித்து வைத்திருக்கவில்லை. பல காப்பீடுகளில் மருத்துவமனையில் சேர்க்கும்போதே அந்த எண்ணுக்குச் சொல்ல வேண்டும் என்று நிபந்தனை உண்டு. ஆக்சிஜன் முகமூடிக்குள்ளிருந்து அவள் நான்கு இலக்கங்களை விரலால் காட்டினாள். அதே விரலால் ‘அம்மாவிடம் சொல்லாதே’ என்றும் சைகை செய்தாள். சொல்வதா வேண்டாமா என்று நடைபாதையில் ஐந்து பேரும் தாழ்ந்த குரலில் சண்டை போட்டோம். கணவருக்குச் சொல்வது, அம்மாவுக்கு அவர் முடிவு செய்வது என்று பொறியாளர் தீர்த்துவைத்தாள். வங்கி அலுவலர் இரண்டு இரவு கண்காணிப்பில் இருந்தாள். ஆசிரியைக்கும் இருமல் இருந்ததால் சில மணி நேரம் வைத்திருந்து அனுப்பினார்கள். நீர் உள்ளே போயிருந்தால் மூச்சுத் திணறல் தாமதமாகவும் தலைகாட்டலாம்.

அடுத்த ஆண்டு

மறு ஆண்டு வேறொரு நாட்டுக் கடற்கரைக்கு அதே ஆறு பேரும் போனோம். போகவேண்டும் என்று பிடிவாதம் பிடித்தவள் வங்கி அலுவலர். போய்ச் சேர்ந்ததும் முதல் வேலையாக உயிர்காப்பாளரிடம் போனோம். எங்கே குளிக்கலாம் என்று கேட்கவில்லை. ‘இன்று எங்கே இறங்கக்கூடாது?’ என்று கேட்டோம். அவர் மகிழ்ந்துபோய் எங்களை மேட்டுக்கு அழைத்துச் சென்று, நுரை அறுந்த இரண்டு இடங்களைக் கை நீட்டிக் காட்டினார். ஒருமுறை காட்டிவிட்டால் பிறகு கண் தானாகவே தேடுகிறது. ஒவ்வொருத்தியின் காப்பீட்டு எண்ணும் வீட்டு எண்ணும் மற்ற ஐவரிடமும் தாளில் இருந்தன.

அரை மணிக்கு ஒருத்தி கரையில் நிற்பாள். கைபேசி இல்லாமல், நாற்காலியில் உட்காராமல், மிதவை ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு தலைகளை எண்ணுவதே அவள் வேலை. முதல் முறை யார் நிற்பது என்று பேச்சு வந்தபோது நான் முந்திக்கொண்டேன். வங்கி அலுவலர் கொடிகளுக்கு நடுவே இடுப்பளவு வரை போய், திரும்பி என்னைப் பார்த்துக் கை தூக்கினாள். நான் பதிலுக்குக் கையசைக்கவில்லை. கட்டைவிரலை உயர்த்திக் காட்டினேன். அவளும் கட்டைவிரலைக் காட்டினாள். அப்படித்தான் பேசி வைத்திருந்தோம். கை தூக்கினால் அழைப்பு, கட்டைவிரல் என்றால் நலம்.

அந்தப் பயணத்தின் கடற்கரைப் படங்கள் எதிலும் ஆறு பேர் இல்லை. ஐந்து பேர்தான் இருக்கிறோம்.